கவலைப்படாதீங்க, அண்ணே

பள்ளி நாடகத்தில் நடித்துவிட்டு வந்த தம்பி மகள், தேங்காய் எண்ணெயால் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாடை வந்ததும் உன் ஞாபகம். எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜுரு தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே வரிசையில் வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு ஒத்திகைக்குப் போவோம். கூட இருப்பவனே கணவன் காதில் சந்தேகத்தை ஓதி, பாவம் அறியாத மனைவி அவன் கையாலேயே சாகிற பழைய சோக நாடகம். மனைவி வேஷம் உனக்கு. எனக்குப் பணிப்பெண். உன் வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம் என்பது உனக்குத் தெரியாது.

ஒரு நாள் உன் கணவர் உன்னை ஏற்றிப்போகச் சீக்கிரமே வந்துவிட்டார். காடிக் கதவில் சாய்ந்தபடி என்னிடம் கேட்டார்: “தங்கச்சி, புருஷனா நடிக்கிற அந்த ஆளும் இவளும் சிரிச்சுப் பேசுறதெல்லாம் நாடகத்துக்குத்தானே?”

ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். நான் தரையைப் பார்த்தேன். “எனக்கு என்ன தெரியும்? நீங்க கவலைப்படாதீங்க, அண்ணே” என்றேன்.

மறுவாரம் நீ வரவில்லை. “அவருக்குப் பிடிக்கல லா. நீயே செய்,” என்று போனில் சொன்னாய். செய்தேன். கைதட்டினார்கள். மேடைக்குப் பின்னால் வந்து, நீயே எண்ணெய் தொட்டு என் முகத்தைத் துடைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ மேடை ஏறவே இல்லை.

இருபது வருஷம் கழித்து, மாக் மண்டினில் உன் வீட்டில் நீ படுக்கையில் கிடந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. சொல்லி முடிக்கும்வரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அன்னிக்கே தெரியும் லா. ‘உன் கூட்டாளியே மென்னு முழுங்குறா’ன்னு வீட்டுக்கு வந்து கத்துனாரு.”

“அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?”

“கேட்டா நீ பொய் சொல்லுவே. அதுக்கப்புறம் உன்கூட எப்படிப் பழகுறது? எனக்கு வேற யாரு இருக்கா?”

பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். தூங்குகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல் எழுந்து வந்தேன். அடுத்த வாரம் நீ இல்லை.

நீ தூங்கவில்லை. உன்னோடு இத்தனை வருஷம் பழகிய எனக்கு அதுகூடவா தெரியாது? நான் கேட்பேன் என்று காத்திருந்தாய். கேட்காத அந்த ஒரு வார்த்தையோடுதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்.