எண்ணெய் இறக்கப்பட்ட சோதனை வண்டியும் என் அண்ணனுக்கு நான் கிழித்துக் கொடுத்த சீட்டும்

அனுப்புநர்:
நுழைவுச்சீட்டு எழுத்தர்,
முன்வாயில் சாளரம்,
பழைய வாகனங்கள் அருங்காட்சியகம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மேற்படி அருங்காட்சியகம்.

பொருள்: இரண்டாம் கூடத்துச் சோதனை மோட்டார் சைக்கிள் – இன்ஜின் எண்ணெய் இறக்கப்பட்டது – ஆண்டு விழாவில் அதைக் கிளப்பும் நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கவும், சீரமைத்தவரை உள்ளே அனுமதிக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்புவதே முறை என்பதை அறிவேன். புகாரில் பாதி அவரைப் பற்றியது, மீதி என்னைப் பற்றியது. ஆகவே நேரே தங்களுக்கு எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

1. மேற்படி வண்டி, இப்போது மூடப்பட்டுவிட்ட ஒரு தொழிற்சாலை சோதித்துப் பார்ப்பதற்காக ஒன்றே ஒன்று செய்தது. அதன் ஜோடி உலகத்தில் எங்கும் இல்லை. தொழிற்சாலையை மூடியபோது பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போக இருந்ததை அங்கே ஃபிட்டராக இருந்தவர் வாங்கி, தம் வீட்டுக் கூடத்தில் வைத்து வருடக்கணக்கில் சீரமைத்தார். எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடையாது. பிஸ்டன் வளையத்தைக்கூட லேத்தில் அவரே கடைந்தார். "வண்டிக்கு ஒரு குறையும் வைக்கல, வீட்டு மிக்ஸிதான் ரெண்டு வருஷமா ஓடல" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் எனக்கு அண்ணி. அந்த ஃபிட்டர் என் உடன்பிறந்த அண்ணன். அலுவலகத்தில் இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2. வண்டியை இங்கே கொடுக்கச் சொல்லி வீட்டில் அண்ணனை நச்சரித்தது நான்தான். வாரம் ஒருமுறை வந்து கிளப்பிப் பார்க்க விட வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. முன்பிருந்த கண்காணிப்பாளர் சம்மதித்தார். "நான் அங்கதானே இருக்கேன், பாத்துக்கறேண்ணா" என்று நானும் வாக்குக் கொடுத்தேன். வண்டி போன பிறகும் அண்ணி வீட்டுக் கூடத்தில் அது நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறார்.

3. இந்த இன்ஜினின் இரண்டு பாதிகளும் கையால் அரம் போட்டு ராவிப் பொருத்தியவை. எவ்வளவு இறுக்கினாலும் அடியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசியும். அதைக் குறையென்று அண்ணன் நினைத்ததே இல்லை. கீழே ஒரு தகரத் தட்டு வைத்திருந்தார். சொட்டு விழுந்தால் உள்ளே எண்ணெய் இருக்கிறது, வண்டி நலம். அவர் வைத்தியம் பார்ப்பது அப்படித்தான்.

4. புதிய கண்காணிப்பாளர் வந்ததும் தட்டு அசிங்கமாக இருக்கிறது என்று எடுக்கப்பட்டது. அண்ணனையும் காவலர் வாசலிலேயே நிறுத்தி, சீட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

5. ஐயா, இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. அன்று அண்ணன் என் சாளரத்தின் முன் வரிசையில் நின்றார். கிரீஸ் சட்டை, கையில் எண்ணெய் டப்பா. கண்காணிப்பாளர் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். "இந்த ஓட்டை வண்டிக்காரர் மறுபடியும் வந்துட்டாரா" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சட்டையைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைப் படிக்க வைத்ததும் அந்தச் சட்டைதான். டப்பாவை வெளியே வைக்கச் சொல்லி, காசு வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கிழிப்பதுபோல் அவருக்கும் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார்.

சற்று நேரத்தில் திரும்பி வந்து, "தரை ரொம்பச் சுத்தமா இருக்கும்மா" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து, "நன்றி சார்" என்றேன். என் அண்ணனை நான் சார் என்றேன், ஐயா. அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போனால் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார், விருந்தாளிக்குப் போடுவதுபோல.

6. தரையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நேற்றுதான் உறைத்தது. துப்புரவு செய்யும் அக்கா பேச்சுவாக்கில், "எண்ணெய எல்லாம் எறக்கிட்டோம்மா, இனி ஒரு சொட்டு விழாது" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் பளிங்குத் தரையில் என் முகம் தெரிந்தது. கண்காணிப்பாளரிடம் சொன்னதற்கு, "நின்னுட்டிருக்கற வண்டிக்கு எதுக்கும்மா எண்ணெய்?" என்றார். ஆனால் அவர் அச்சடித்திருக்கும் அழைப்பிதழிலேயே, இருபதாம் தேதி விழாவில் சிறப்பு விருந்தினர் அந்த வண்டியை உதைத்துக் கிளப்புவார் என்று இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் கிளப்பினால் பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். மாற்ற இன்னொரு சிலிண்டர் கிடையாது. கைதட்டல் முடிவதற்குள் அண்ணனின் இத்தனை வருட உழைப்பும் முடிந்துவிடும்.

7. ஆகவே, அண்ணன் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அவ்வண்டியை எவரும் உதைக்கக் கூடாதென உத்தரவிடுமாறும், தட்டை இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுமாறும், எண்ணெய் டப்பாவுடன் அவரை ஊழியர் வாசல் வழியாகச் சீட்டின்றி அனுமதிக்குமாறும் மிகவும் பணிந்து வேண்டுகிறேன். உறவை மறைத்ததற்கும் வாக்குத் தவறியதற்கும் என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். கூப்பிட்டால் அவர் வருவாரா என்பது எனக்குத் தெரியாது. உத்தரவு கிடைத்தால் நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவேன், அந்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே.

வெளியாள் அனுமதிப் படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். பரிந்துரைப்பவருக்கு என்ன உறவு என்று அதில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் நிரப்பியிருக்கிறேன்.

நாள்: 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: முன்வாயில் சாளரம்

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
(ஒப்பம்)
நுழைவுச்சீட்டு எழுத்தர்

இணைப்பு: வெளியாள் அனுமதிப் படிவம் – ஒன்று.
வருபவர்: சோதனை வண்டியைச் சீரமைத்தவர்.
உறவு: என் அண்ணன்.