பின்பக்கமாகச் சுற்றிக் காட்டிய ஊர்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதும் கடிதம். இங்கே நான் சுகம், உன் அம்மாவும் சுகம், அவளுடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே குளிர் இறங்கிவிட்டது என்றாயே, தலை காயாமல் வெளியே போகாதே, வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. நீயும் நீ கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற அந்தப் பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன்.

அம்மாடி, அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா வியாழக்கிழமை வந்தார்கள். ஏழு ஐம்பது வண்டி எட்டே காலுக்கு வந்தது. அவர் சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கலகலவென்று பேசுகிறார். அந்த அம்மா முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர் என்று நீ சொன்னது நடையிலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை பேசினால் நாலு பார்வை பார்க்கிறார். பொண்ணு வளர்ந்த ஊரையும் வீட்டையும் ஒரு நாள் இருந்து பார்க்காமல் சரி என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன் என்று அவர் மகனிடம் சொல்லிவிட்டதாக நீ போனில் அழுதாயே, அது என் காதிலேயே நின்றது. எதையெல்லாம் காட்ட வேண்டும் என்று நீ அனுப்பிய பட்டியலை அம்மா இரண்டு தரம் வாசித்தாள், நான் மனப்பாடம் செய்துகொண்டேன். உயரத் தொட்டி இருக்கிற மேடு, நூலகம், அருங்காட்சியகம், மணிக்கூண்டு. ஒன்றும் தவறாது என்று நினைத்தேன். முழங்கால் வலியோடு அம்மா வீட்டில் நின்று சமையலைப் பார்த்துக்கொண்டாள், நான் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தவறு எங்கே நடந்தது என்றால் என் தலைக்குள். முப்பத்தொரு வருஷம் இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவன் நான். மற்றவர்கள் தலையில் ஊர் தெருத்தெருவாக இருக்கும், என் தலையில் குழாய் போகிற வழியாக இருக்கிறது. குழாய் பெரிய ரோட்டில் போவதில்லை, கட்டடங்களின் பின்சந்துகளில்தான் போகிறது. தொட்டி மேட்டிலிருந்து ஊரைக் காட்டிவிட்டு இறங்கினேன், கால் தானாகப் பழைய வழியைப் பிடித்துக்கொண்டது, எனக்கு அது தெரியவே இல்லை. நூலகத்தைக் காட்டுகிறேன் என்று அதன் பின்பக்கம் நிறுத்தினேன். ஒடிந்த நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன, கழிப்பறை ஜன்னல் மூன்று, மேலே ஏசி பெட்டியிலிருந்து கண்ணாடிக்காரர் சட்டையில் சொட்டியது. நான் தரையில் இருந்த இரும்பு மூடியைக் காட்டி, இதன் அடியில் இருக்கிற வால்வைத் திறக்க ஏழரைச் சுற்று, கால் சுற்று குறைந்தால் மூன்றாம் மாடிக்கு ஏறாது, எத்தனை பெரிய படிப்பாளியும் என்னை நம்பித்தான் கை கழுவினார் என்று பெருமையடித்தேன். அவர் தலையாட்டினார், அந்த அம்மா ஒடிந்த நாற்காலிகளைப் பார்த்தார். இதை எழுதும்போது உன் அம்மா பேனாவை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுதுகிறாள்.

அடுத்தது அருங்காட்சியகம், அதுவும் பின்முற்றம்தான். அன்றைக்கென்று பாடம் செய்த பெரிய கரடியை வெளியே கொண்டுவந்து ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு பேர் அதன் முதுகில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து, என்ன தண்ணிக்காரரே, ரிட்டயர் ஆகியும் ரோந்து விடலையா, வாங்க, கரடிக்குத் தலை சீவி விடுங்க என்றார். கண்ணாடிக்காரர் சந்தோஷமாகக் கரடியின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்து, ஏங்க, இந்த ஊருக்கு முகமே கிடையாதா, காலையிலேர்ந்து முதுகாவே பாத்துட்டு வர்றோமே என்று கேட்டார். நீ ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து அனுப்பியதை நான் ஒரு காலையில் குப்பைத்தொட்டியும் சொட்டுகிற குழாயுமாக ஆக்கிவிட்டேனே, இந்தக் கிழவனால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுப்போகுமோ என்று பயந்துபோனேன். மன்னிச்சுக்குங்க, இப்பவே முன்வாசலுக்குக் கூட்டிட்டுப் போறேன் என்று பதறி நடந்தேன். பதற்றத்தில் என்ன செய்தேன் தெரியுமா, சீக்கிரம் போகலாம் என்று ஆஸ்பத்திரிப் பின்சந்துக்குள்ளேயே நுழைந்தேன்.

அங்கே சலவைக் கூடம் உனக்குத் தெரியாததா. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வால்வு மூடும்வரை துணி மூட்டைமேல் உட்கார்ந்து பாடம் எழுதுவாயே, அதே இடம், அதே நீராவி. வெள்ளையக்கா தலை முழுக்க நரைத்துப் பேருக்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைக் கண்டதும், யாரு இவங்க, பொண்ணு குடுக்கிற இடமா என்று அத்தனை பேர் முன்னால் கத்திக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மாவோ நேரே உள்ளே போய், படுக்கை விரிப்பு ஒன்றின் மறுமுனையைப் பிடித்து வெள்ளையக்காவோடு சேர்ந்து மடிக்க ஆரம்பித்தார். இரண்டு பேர் கையும் நெடுநாள் ஒன்றாக வேலை பார்த்த கை போல ஓடியது, பார்க்க அத்தனை அழகு. மடித்துக்கொண்டே, பொண்ணு எப்படி என்று கேட்டார். நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று நான் கண்ணைக் காட்டுகிறேன், வெள்ளையக்கா என் பக்கமே திரும்பவில்லை. பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா கோவம் மூக்குமேல இருக்கும், நாளைக்கு என்கிட்ட வந்து சொல்லலையேன்னு நிக்காதீங்க என்று ஆரம்பித்து அந்தப் பழைய கதையை எடுத்துவிட்டார்.

உனக்கு அப்போது பதினாலு வயது. எனக்கு எழுதத் தெரியாது என்று தினமும் தண்ணீர் ரிப்போர்ட்டை நீதான் எழுதிக் கொடுப்பாய். ஒரு வாரம் செந்நிறமாகக் கலங்கல் வந்து விரிப்பெல்லாம் பழுப்பாகிவிட்டது. மேலதிகாரி தெளிவு என்று எழுதச் சொன்னார். நானும் பயந்துகொண்டு அப்படியே எழுதும்மா என்றேன். கலங்கலா வந்தா கலங்கல்னுதான் எழுதுவேன், வேணும்னா நீங்க ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க என்று சலவைக் கூடத்து வாசலில் வைத்து அவர் முகத்துக்கு நேரே கேட்டாய். வெள்ளையக்கா அதை உன் குரலிலேயே நடித்துக் காட்டினார், டம்ளர் உட்பட. எல்லாம் முடிந்தது என்று நான் சுவரோரம் சாய்ந்துகொண்டேன். அந்த அம்மா விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்று, அப்புறம் என்ன எழுதினா என்று கேட்டார். கலங்கல்னுதான், எழுதின நாலாம் நாள் குழாயை மாத்தினாங்க என்றார் வெள்ளையக்கா. அப்போதுதான் அந்த அம்மா சிரித்ததைப் பார்த்தேன். வார்டுல ஜுரம் அடிக்கிறவனுக்கும் நல்லா இருக்கான்னு எழுதிட்டுப் போறவங்களைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன் என்றார். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்து, கோவம் வராத பொண்ணு நம்ம பையனுக்கு எதுக்குங்க, குளிச்ச ஈரத்துண்டைக் கட்டில்மேல போடுறவன் அவன் என்றார். அவர் சட்டென்று, அது என்கிட்டேர்ந்து போனதுதான் என்று ஒத்துக்கொண்டார். சலவைக் கூடமே சிரித்தது.

மணிக்கூண்டுக்குப் போகவே இல்லை. அந்த அம்மா இன்னும் பத்து விரிப்பு மடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, உன் அம்மா சமைத்ததை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்ன மனுஷி அம்மாடி, எத்தனையோ அதிகாரிகளை இந்த ஊர் பார்த்திருக்கிறது, ஒருவர்கூட அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. நாலரை மணி வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, வர்றோம் சம்பந்தி என்றார். நான் கையைக் கூப்பினேன். உடனே விரலை நீட்டி, பொண்ணுகிட்ட நீங்க முந்திக்கக் கூடாது, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் சேத்து வச்சு நானே போன்ல சொல்லணும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதனால்தான் நேற்று நீ போனில் கேட்டபோது, வந்தாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க என்று வைத்துவிட்டேன். நீ மூக்கை உறிஞ்சியது கேட்டது, எனக்குத் தாங்கவில்லை. கடிதம் போய்ச் சேர எட்டு நாள் ஆகும், அதற்குள் ஞாயிறு வந்துவிடும், வாக்கும் தவறாது என்று இந்த யோசனையைச் சொன்னது உன் அம்மாதான்.

கடைசியாக ஒன்று. ஒருவேளை கடிதம் முந்திக்கொண்டு வந்துவிட்டால் பழையபடி மடித்து வைத்துவிடு, போன் வந்ததும் ஒன்றும் தெரியாதவள் போலவே கேள். அழுகை வந்தால் வரட்டும், அதை மட்டும் அடக்காதே. நீ கேட்டது கிடைத்து, கிடைத்தது நிலைத்து, இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் கலங்கலைக் கலங்கல் என்றே சொல்லிக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
இடது கட்டைவிரலை மையில் தொட்டுக் கீழே வைத்திருக்கும்
உன் அப்பா