தார்ப்பாய் முடிச்சு

இனியா அப்பாவுக்கு,

சோறு குக்கரில் இருக்கிறது. மீன் குழம்பும் இருக்கிறது. மீன் கடையில் வாங்கியது, நீங்கள் பிடித்ததல்ல.

காலையில் உங்கள் மீன்பிடி கயாக் படகைப் பார்த்தேன். ஞாயிற்றுக்குப் பிறகு நான் மாட்டியிருந்த கொக்கியையும் மிதவையையும் கழற்றி எறிந்துவிட்டு, நங்கூரக் கயிற்றை மறுபடியும் பக்கவாட்டில் கட்டியிருக்கிறீர்கள். அதுவும் லாரித் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு!

போன ஞாயிறு ஆற்றில் தண்ணீர் கூடியபோது, நங்கூரம் பாறையில் சிக்கி, கயாக் கயிறு கட்டிய பக்கமே சாய்ந்து, அந்த முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்தது யார்? கயிறு அறுந்ததால் பிழைத்தீர்கள். கரையேறியதும், "இருவது வருசமா லோடு கட்டறேன், எனக்கே முடிச்சு சொல்லித் தாரயா?" என்றீர்கள்.

தார்ப்பாய் அவிழக் கூடாதுங்க. இது அவிழணும்.

நாளைக்கு இனியாவையும் கூட்டிப்போகிறீர்களாம். அதனால் உங்கள் முடிச்சை வெட்டி டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஈரக் கையால், ஒற்றைக் கையால், பத்து எண்ணுவதற்குள் அவிழ்த்துப் பாருங்கள்.

கொக்கியைப் பின்முனையில் திரும்ப மாட்டிவிட்டேன். அதிலிருக்கும் சிவப்புக் கயிற்றை ஒரு இழு இழுத்தால் கயாக் விடுபடும். நங்கூரம் கிடக்கும் இடத்தை மிதவை காட்டும், அப்புறம் போய் எடுக்கலாம். கொக்கியில் கை வைக்காதீர்கள்.

சாவி மீட்டர் பெட்டிக்குள்.

மஞ்சுளா

துடுப்பைத் தேட வேண்டாம். நாமக்கல் ஆபீசுக்கு என்னோடு வருகிறது; கொக்கி அப்படியே இருந்தால் சாயங்காலம் தருகிறேன். பஸ்ஸில் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஞாயிறன்று கரையில் நின்று நான் கத்தியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.