சீட்டு கேட்காத மருந்து

ஆவூர்
9.8.1958

அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் காகிதத்துல மட்டும் கையெழுத்துப் போட்டுறாத, என் ஆத்தா. ஒங்கப்பனுக்குப் பைத்தியமில்ல. எல்லாம் நான் குடுத்த மருந்து.

மாதா அறியச் சொல்றேன். ஒங்கம்மா செத்ததுலேருந்து என் தம்பிக்குத் தூக்கமே இல்லைன்னு புதுக்கோட்டை மருந்துக்கடைக்குப் போனேன். தூக்க மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேணும், அதான் சட்டம்னான் கடைக்காரன். "புரோமைடு மிக்சர்னு தூக்கத்துக்கு ஒரு தண்ணி மருந்து இருக்கு, அதுக்குச் சீட்டு வேணாம், இப்பவே தாரேன் ஆத்தா"ன்னான். சட்டமே கண்டுக்காத மருந்து என்ன செஞ்சிறப் போவுதுன்னு வாங்கியாந்தேன். மாத்திரை மாதிரி ஒடனே தூங்க வைக்கலையேன்னு, ஒரு பங்குக்கு ரெண்டு பங்கா ஊத்திக் குடுத்தேன், மூணு மாசமா.

அதுலதான் மூஞ்சியெல்லாம் கொப்புளம், நாக்கு கொழறுனது, என்னையவே "நீங்க யாரு"ன்னு கேட்டது எல்லாம். நாம துக்கம்னு நெனச்சோம்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் சீசாவைப் பாத்துட்டு வைஞ்சாரு. "மாத்திரை மிதமிஞ்சினா உசுருக்கே ஆபத்து, அதான் சீட்டு கேக்குறாங்க. இது மெதுவா ஒடம்புல சேந்துக்கிட்டே போவும். சீட்டு கேக்கலைன்னா பச்சத்தண்ணியாம்மா?" மருந்தை நிறுத்திட்டு, சேந்தது ஒடம்பை விட்டு எறங்க உப்பு நெறையப் போட்டுக் கஞ்சி குடுக்கச் சொன்னாரு. பதினஞ்சு நாளாச்சு.

மாதா கோயில் சாமியார்கிட்ட என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். அது லேசா இருந்துச்சு. ஒனக்கு எழுதத்தான் மூணு காகிதத்தைக் கிழிச்சேன்.

இப்படிக்கு,
ஒன்னோட அத்தை

ஆங், இப்பத்தான் நெனப்பு வருது. வர்ற புதன்கிழமை ஒன் மகளுக்கு நாலு வயசு ஆகுதாமே! நான் மறந்தே போனேன். காலையில கஞ்சி குடிக்கையில ஒங்கப்பன்தான் சொன்னான்.