விழவே இல்லை என்று சொன்னேன்

ரிங்லெட்

அன்பு மகள் யுவனேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று தொடங்கத்தான் கை போகிறது, ஆனால் அந்த ஒரு வார்த்தையால் இந்த மாதம் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அப்பா நலம். எனக்கு மணிக்கட்டு கூடிவிட்டது, முதுகு வலிக்கிறது, மனம் நன்றாக இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்ந்து சண்டை பிடிப்பாய், கடிதத்தோடு சண்டை பிடிக்க முடியாது. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

குழாயடியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த அன்று தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர், நின்ற இடத்தில் விழுந்ததற்கெல்லாம் எலும்பு உடையக் கூடாதும்மா, உள்ளே மெலிந்துபோயிருக்கிறது என்றார். எனக்கு உடனே உன் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. தேயிலை மேட்டில் ஆடு மாதிரி ஏறியவள், இடுப்பு ஒடிந்து படுத்தாள், கடைசிவரை எழவே இல்லை. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் மீரான் கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் மருமகள் ரொஹானா விசாரித்துவிட்டுப் போனை எடுத்துத் தேடினாள். இந்த நோய்க்குப் புது ஊசி ஒன்றை ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆய்வு செய்கிறார்கள், தீட்டு நின்றுபோன, விழுந்து எலும்பு உடைந்த பெண்கள் வேண்டுமாம் என்றாள். போனில் வர்றதெல்லாம் நம்பக்கூடாது லா ஆன்ட்டி என்று அவளே சொல்லி, அது முறையாகப் பதிவான ஆய்வுதானா என்று பார்த்தாள், நம் டாக்டரிடமும் கேட்கச் சொன்னாள். அவரும் நல்ல ஆய்வுதான், போய்ப் பாருங்கள் என்றார். அதன் பிறகுதான் உனக்குச் சொன்னேன், நீயோ உன்னைச் சோதனை எலியாக்கப் போகிறார்கள் என்று கத்தினாய். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரொஹானாவின் புருஷன் ஹக்கீம்தான் காரில் ஈப்போவுக்குக் கூட்டிப்போனான், ரொஹானாவும் உன் அப்பாவும் கூட வந்தார்கள். திரிங்காப் பக்கம் மலைப்பாதையில் பூ லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அங்கே ஜெயா என்று ஒரு நர்ஸ், நம் தமிழ்ப் பெண், பக்கத்தில் உட்காரவைத்து அன்பாகக் கேட்டாள். மணிக்கட்டு உடைந்தது தவிர வேறு எப்போதாவது விழுந்தீர்களா? இல்லம்மா. முதுகு வலிக்கிறதா? இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். உயரம் குறைந்த மாதிரி இருக்கிறதா? அதெல்லாம் ஒன்னுமில்ல. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த ஆய்வுக்கு எலும்பு இன்னும் ஆபத்தான நிலையில் இருப்பவர்கள்தான் வேண்டும், உங்களைச் சேர்க்க முடியாதும்மா, டாக்டர் தரும் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்றாள். நானும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

காருக்குப் பக்கத்தில் உன் அப்பா விஷயத்தைக் கேட்டதும் குதித்தார் பார். ஏண்டி, மாரியம்மன் கோயில் படியில உருண்டது யாரு, உங்க பாட்டியா? ராத்திரியெல்லாம் முதுகுக்குத் தைலம் தேய்ச்சது யாருக்கு? எனக்கே திக்கென்றது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை யுவனா, வாய் தானாகச் சொல்லிவிட்டது. எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும்போது, கணக்கெழுதும் கிராணி என்ன சொகமா என்று கேட்பார், நல்லா இருக்கேங்க ஐயா என்றுதான் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்றவளுக்கு அன்று கொழுந்து பறிக்க நல்ல நிரை கிடைக்காது, புல்லு பிடுங்க அனுப்பிவிடுவார்கள். மேட்டில் வழுக்கி விழுந்தால்கூட அடிபட்டதா என்று பார்க்க மாட்டோம், யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் பார்ப்போம். வேலையை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, வாய் மட்டும் இன்னும் பெரட்டில்தான் நிற்கிறது.

ரொஹானா கையைப் பிடித்து இழுக்காத குறையாக மறுபடி மேலே கூட்டிப்போனாள். வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன், கோயில் படி, அதற்கு முன்னால் மழையில் வாசலில் விழுந்தது, குனிந்தால் முதுகில் சுருக்கென்று இழுப்பது, சேலைக் கரை இப்போதெல்லாம் தரையைக் கூட்டுவது. ஜெயா கோபிக்கவில்லை, சிரித்தாள். எஸ்டேட் அம்மாங்க எல்லாரும் மொதல்ல இதையேதான் சொல்றீங்க என்றாள். முதுகைப் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருக்கிறது. இத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டுதான் மாவாட்டிக் குடம் தூக்கியிருக்கிறேன். கேட்டதும் அழுகை வந்துவிட்டது, ஆனால் அதே படத்தைப் பார்த்துத்தான் என்னைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனையெல்லாம் சரியாக வந்து, போன வாரம் முதல் ஊசி போட்டாயிற்று.

இப்போது உன் எலிக்கு வருகிறேன். எலியிடம் யாராவது சம்மதம் கேட்பார்களா? பெரிய டாக்டரம்மா உட்கார்ந்து என்னென்ன கெடுதல் வரலாம் என்பதை மறைக்காமல் சொன்னார், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான வைத்தியம் நிற்காது என்றார், வீட்டில் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியும் வைத்தார். எல்லோருக்கும் ஊசியும் உண்டு மாத்திரையும் உண்டு, ஊசியில் புது மருந்து, இல்லாவிட்டால் மாத்திரையில் பழைய மருந்து, ஒன்றில்தான் மருந்து இருக்கும், மற்றது வெறும் பேருக்கு. எனக்குப் புது மருந்தா பழைய மருந்தா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எதுவானாலும் ஒரு மருந்து உடம்பில் போகிறது, அந்த நிம்மதி போதும். பெரியம்மாவிடம் இப்படி யாரும் உட்கார்ந்து பேசியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நீ அனுப்பிய சுண்ணாம்புச் சத்து மாத்திரையை ஜெயாவிடம் காட்டினேன், கேட்காமல் எதுவும் சாப்பிடக் கூடாதாம், இனி அனுப்பாதே. குடம் தூக்குவது உன் அப்பா பொறுப்பு. முணுமுணுத்துக்கொண்டே தூக்குகிறார்.

கடைசியாக ஒன்று. உங்கள் மகளுக்கும் இது வரலாம், பார்க்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. பெல்பாஸ்ட்டில் வயதானவர்களைத் தூக்கி உட்காரவைத்துப் படுக்கவைப்பதுதான் உன் வேலை, எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்கிறாய். போன ஞாயிறு வீடியோவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, கேமராவைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும் கண்ணு. விழுந்து எழுந்து யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்க்கிற பார்வை. நான் பார்த்துவிட்டேன்.

மாரியம்மா உன்னைக் கண் போலக் காக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ்வாய். டாக்டரிடம் போகும்போது கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல். முதலில் எனக்கு எழுது, நலம் என்று தொடங்காமல், எங்கே வலிக்கிறது என்று தொடங்கு.

உன் அம்மா
இராசம்மா நாகப்பன்