பெரிய மருமகள் பிழைத்த கதை

உன் சாப்பாட்டுப் பை இப்போது என் மடியில் இருக்கிறது. போன வாரம் உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்களே வெச்சிக்கோங்க. வூட்ல இருந்தா எனக்குப் பேஜாரா இருக்குது" என்றார். உள்ளே கழுவிக் கவிழ்த்த டப்பாவும் உன் சில்வர் பேனாவும் இருந்தன. பேனா மூடியைத் திறந்ததும் அந்த மை வாசனை வந்தது. உன் விரல்களில் எப்போதும் இருந்த வாசனை. கொஞ்ச நேரம் அழுதேன்.

ஷூவின் மேல்தோலைத் தைப்பது என் வேலை. பக்கத்து டேபிளில் அதைச் சரிபார்ப்பது உன் வேலை. கோணல் தையலோ கீறலோ கண்ணில் பட்டால் சில்வர் பேனாவால் ஒரு வட்டம் போடுவாய். தோலில் போட்ட மை துடைத்தால் போய்விடும். என் கதைகளில் போட்டது மட்டும் போகவே இல்லை.

அந்தக் கதை உன் கோபத்தில்தான் தொடங்கியது. எட்டரை மணி சீரியலில் பெரிய மருமகளாக நடித்தவள் விலகிக்கொள்ள, அந்தப் பாத்திரத்தை லாரியில் அடிபட்டுச் சாகவைத்து போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டார்கள். மறுநாள் ஒடுகத்தூரிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸில் அதே புலம்பல். "நடிச்சவ போனா இன்னா, மருமவ சாவணுமா? நீ பள்ளிக்கூடத்துல கட்டுரையெல்லாம் எழுதனவதானே, அவள எழுப்பி உட்டுடி."

எழுப்பிவிட்டேன். என் கதையில் அவள் பிழைத்து, மாமியாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நம்மைப் போல ஷூ கம்பெனிக்கு வந்தாள். கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களே, அதனால் ஒவ்வொரு கட்டோடும் வரும் பண்டில் கார்டின் பின்பக்கம் எழுதி, தைத்து முடித்த கட்டுக்குள் செருகி உன் டேபிளுக்கு அனுப்புவேன். நீ வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாய். "இவ இவ்ளோ அழ மாட்டா" என்று பக்கத்தில் குறிப்பு வேறு. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வீட்டுக்குப் போனதும் திருத்திவிட்டுத்தான் போனில் கதை படிக்கிற ஆப்பில் ஏற்றுவேன். இதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர் இருப்பதே அங்கே படித்த யாரோ சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

ஒருநாள் நீ ஸ்கேன் எடுக்க வேலூர் போயிருந்தாய். நான் பழக்கதோஷத்தில் கார்டைக் கட்டுக்குள் செருகிவிட்டேன். உன் இடத்தில் இருந்தவள் மேலே இருந்த ஜோடியை மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவிட, என் அத்தியாயம் அடிப்பாகம் ஒட்டும் செக்‌ஷன் வரை போய்விட்டது. வேலை போச்சு என்றே நினைத்தேன். சாயந்தரம் கார்டு திரும்பி வந்தபோது அதில் யாரோ, "அப்புறம் இன்னா ஆச்சி?" என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் உன்னிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாய். ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "கட்டியாம்டி, எடுத்துட்டா சரியாப்பூடுமாம்" என்றாய்.

அதற்கு முந்தின வாரமே கதையில் பெரிய மருமகளை ஆபரேஷனுக்கு அனுப்பியிருந்தேன். உன் உடம்புக்கு முடியாதது அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரிந்த பிறகாவது உனக்குக் கடைசி அத்தியாயத்தைக் கொடுத்திருக்கலாம். முடிவு கேட்டுப் போனில் தினம் பத்துப் பேர் கெஞ்சினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நீ பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"பொழச்சாளா இல்லியா? எனக்கு மட்டும் சொல்லுடி."

"எல்லாருக்கும் வர்றப்ப உனக்கும் வரும், போ."

இதுதான் நான் உனக்குச் சொன்ன பதில். நீ திரும்பி வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? அதன்பின் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

போன வாரம் உன் பையின் அடியில் மடித்த பண்டில் கார்டு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் சில்வர் மையில் உன் கையெழுத்து. எனக்கு எழுத வராது என்பாயே.

"ஆபரேசன் முடிஞ்சிது. பெரிய மருமவ கண்ண முழிச்சா. பசிக்குதுன்னா. இட்லி குடுத்தாங்க. ஒரு மாசம் கழிச்சி கம்பெனி பஸ் ஏறனா. அவ தோஸ்து பைய வெச்சி ஜன்னல் சீட்டு புடிச்சி வெச்சிருந்தா."

நான் கொடுக்காத முடிவை நீயே எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு எழுத்துகூடத் திருத்தாமல் அதையே கடைசி அத்தியாயமாகப் போட்டேன். கீழே, எழுதியது என் தோழி என்று குறிப்பிட்டேன். முடிவு சப்பென்று இருக்கிறதாம், ஒருத்தி எழுதியிருந்தாள். வேறு நேரமாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இன்றைக்கும் முதல் ஸ்டாப்பில் நான்தான் ஏறுகிறேன். ஜன்னல் சீட்டில் உன் பையை வைக்கிறேன். யாராவது கேட்டால், "ஆள் வர்றாங்க" என்கிறேன். உன் ஸ்டாப் தாண்டிய பிறகுதான் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.