கார்பனைக் குளிரவைத்த கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறாயா? அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். உன் கண்ணுக்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

இங்கே ஒரு கூத்து. புற்றுநோய்க்கு நியூட்ரான் கதிர் பாய்ச்சிச் சிகிச்சை கொடுக்கும்போது, உடம்பிலுள்ள ஹைட்ரஜன், கார்பன் போன்ற லேசான அணுக்களில் அந்தக் கதிர் எவ்வளவு சக்தியை விட்டுப்போகும் என்பதுதான் என் கணக்கு. வந்த சக்தியில் வெளியேறியதைக் கழிக்க வேண்டும். கார்பனுக்கு ஓரிடத்தில் மைனஸ் வந்துவிட்டது. அதாவது மோத மோதக் கார்பன் குளிர்கிறதாம், அடுப்பில் வைத்த பால் ஆறுகிற மாதிரி.

எங்கள் ஆய்வுப் பிரிவின் தலைவர் எட்டிப் பார்த்தார். "மைனஸ் வந்த இடத்துல பூஜ்யம் போட்டு முடிச்சிடுங்க மேடம். ஊருக்குப் போகணும்னு நீங்கதானே குதிச்சீங்க?"

"பூஜ்யம் போட்டா தப்பு ஒளிஞ்சுக்கும் சார், போகாது. இதை வெச்சுத்தான் டாக்டர் நோயாளிக்கு அளவு போடுவாரு."

"அப்போ லீவை மறந்துடுங்க."

கணக்குக்காக எங்களுக்கு வெளியிலிருந்து வந்த மூல அளவுகளின் பட்டியலில்தான் பிழை. அதில் வெளியேறும் கதிர்களின் சக்தி, வந்ததைவிட அதிகமாக இருக்கிறது. எல்லாவற்றையும் சரிபார்க்க மூன்று வாரமாகும். அதனால் உன் கண் ஆபரேஷனுக்கு நான் வர முடியாது. எரிச்சலாக வருகிறது அம்மா, தலைவர்மேலா என்மேலா என்றுதான் தெரியவில்லை. பூஜ்யம் போட்டுக் கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன்.

ஆபரேஷன் அன்று போனை முழுசாக சார்ஜ் செய்துகொள்ளச் சொல் அப்பாவிடம். நீ உள்ளே போனதும் அவர் என்னைக் கூப்பிடட்டும்; நீ வெளியே வரும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். பேசவும் வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவின் சத்தம் கேட்டால் போதும்.

தபால் எடுக்கிறவர் வந்துவிட்டார்.

உன் மகள்